தடிமன் குறையாத பைப்புக்கும் வயதாகும்

கேள்வி: அனல்மின் நிலையம் ஒன்றில் பாய்லர் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் மெயின் ஸ்டீம் லைன், அதாவது பாய்லரிலிருந்து டர்பைனுக்கு நீராவி கொண்டுபோகும் பைப், பி-22 என்ற வகை எஃகு. 540 டிகிரி செல்சியஸில் நீராவி போகிறது. இதுவரை 1,38,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. டிசைனில் போட்ட ஆயுள் 1 லட்சம் மணி நேரம். போன ஷட்டவுனில் அல்ட்ராசானிக் வைத்துத் தடிமன் பார்த்தோம், எங்கும் குறையவில்லை. "தடிமன் இருக்கிறவரைக்கும் பைப் இருக்கும்" என்கிறார் என் மேலதிகாரி. வெளியிலிருந்து வந்த ஆலோசகரோ, "லட்சம் தாண்டிவிட்டது, முழு லைனையும் மாற்றிவிடுங்கள்" என்கிறார். எது சரி? பார்வைக்கு நன்றாக இருக்கும் எஃகு உள்ளுக்குள் கெட்டுப்போகுமா? பக்கத்து யூனிட்டில் பி-91 என்ற வேறு வகை எஃகு போட்டிருக்கிறார்கள். அதற்கும் இதே சோதனைகள் போதுமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

இருவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆலோசகர் அவசரப்படுகிறார். உங்கள் மேலதிகாரி சொல்வது ஆபத்தானது. பைப் அரித்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்பதைத் தடிமன் சொல்லும். உங்கள் லைனை அரித்துக்கொண்டிருப்பது துருவோ தேய்மானமோ இல்லை. வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்தே தளர வைக்கும் க்ரீப். அதைத் தடிமன் மீட்டர் காட்டாது.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்டீம் லைன் பெண்டில், அதாவது பைப் வளையும் இடத்தில், தடிமன் அளவுகளை மட்டும் பார்த்துவிட்டு, தொடர்ந்து ஓட்டலாம் என்று எழுதிக்கொடுத்தேன். மறு ஆண்டு அந்த பெண்டை ஒட்டிய வெல்டில் நீராவி சீறியது. பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் என்பதால் யாருக்கும் அடிபடவில்லை. வெட்டி எடுத்த துண்டைக் காலிப்பர் வைத்து அளந்தேன். விரிசலுக்கு விரல்கடை தள்ளித் தடிமன் முழுசாக இருந்தது. அன்றிலிருந்து, "தடிமன் சரியாக இருக்கிறது" என்று யாராவது ஆரம்பித்தால், "வெல்டைப் பார்த்தீர்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

க்ரீப் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண வெப்பத்தில் ஒரு எஃகுக் கம்பியில் அது தாங்கும் எடையைத் தொங்கவிட்டால் கொஞ்சம் நீளும், அதோடு நின்றுவிடும். பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் அதே நீளம்தான். ஈயக் கம்பி அப்படியில்லை. அறை வெப்பத்திலேயே நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும். ஆண்ட்ரேட் என்ற ஆங்கில இயற்பியலாளர் 1910இல் ஈயக் கம்பிகளை வைத்துத்தான் இதை ஒழுங்காக அளந்து எழுதினார். ஈயம் 327 டிகிரியில் உருகும், கெல்வினில் 600. அறை வெப்பம் 300 கெல்வின். அதாவது நம் கையில் குளிர்ந்து கிடக்கும் ஈயம், தன் உருகுநிலையில் சரிபாதி சூட்டில் இருக்கிறது. எஃகு உருகுவது சுமார் 1,770 கெல்வினில். உங்கள் 540 டிகிரி என்பது 813 கெல்வின், கிட்டத்தட்ட 46 சதவீதம். பொதுவாக 40 சதவீதத்தைத் தாண்டினாலே க்ரீப்பைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். உங்கள் பைப் இந்த இடத்தில்தான் இரவு பகலாக நின்றுகொண்டிருக்கிறது.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எஃகு வளைவதும் நீள்வதும் படிகங்களுக்குள் இருக்கும் டிஸ்லொகேஷன் என்ற வரிசைப் பிசகுகள் நகர்வதால்தான். அவற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பதற்காகத்தான் குரோமியமும் மாலிப்டினமும் சேர்க்கிறார்கள். பி-22இல் 2.25 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம். கார்பனோடு மாலிப்டினம் சேர்ந்து உண்டாகும், ஊசி போன்ற மிக நுண்ணிய கார்பைடு துகள்கள் படிகம் முழுக்கச் சிதறி நின்று டிஸ்லொகேஷன்களை மறிக்கின்றன. இரும்போடு கரைந்திருக்கும் மாலிப்டினமும் தன் பங்குக்கு இழுத்துப் பிடிக்கிறது. புது பைப்பின் வலு இதில்தான் இருக்கிறது.

சூட்டில் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. சின்னக் கார்பைடுகள் கரைந்து, அந்தப் பொருள் பெரியவற்றில் போய்ச் சேர்கிறது. நுண்ணிய ஊசிகள் மறைந்து, படிக எல்லைகளில் உருண்டையாகக் கனத்த கார்பைடுகள் உட்காருகின்றன. கரைந்திருந்த மாலிப்டினத்தையும் அவையே இழுத்துக்கொள்கின்றன. ஆயிரம் காவலர்கள் தெருத்தெருவாக நின்ற ஊரில், எல்லோரும் பத்துச் சாவடிகளுக்குள் போய்க் கூடிவிட்டால் எப்படி இருக்கும்? ஆள் கணக்கு குறையவில்லை, தெருக்கள் காலி. எஃகிலும் அதே கதைதான். வேதியியல் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் குரோமியமும் மாலிப்டினமும் புதிதில் இருந்த அளவே இருப்பதாகத்தான் அறிக்கை வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் படிக எல்லைகளில் ஓட்டை விழுகிறது. அழுத்தம் இழுக்கும் திசைக்குக் குறுக்காக இருக்கும் எல்லைகளில், ஒரு மைக்ரான் அளவுக்கு, கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் முளைக்கின்றன. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அப்புறம் ஒரே எல்லையில் வரிசையாக. பிறகு அந்த வரிசை ஒன்றோடொன்று இணைந்து நுண்விரிசல் ஆகிறது. க்ரீப் வரைபடத்தில் நீட்சி முதலில் வேகம் குறைந்து, நடுவில் நீண்ட காலம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போய், கடைசியில் மளமளவென்று ஏறும் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் லைன் மாட்டிக்கொண்டால் நமக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. நடுக்கட்டத்திலேயே அது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

சரி, அந்த 1 லட்சம் மணி நேரம்? தொடர்ந்து ஓடினால் அது 11 வருடத்துக்குச் சற்று மேல். அந்த மணி அடித்ததும் பைப் வெடித்துவிடாது. ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி பார்த்தால், 1 லட்சம் மணி நேரத்தில் முறிய வைக்கும் சராசரி அழுத்தத்தில் 67 சதவீதம், குறைந்தபட்ச அழுத்தத்தில் 80 சதவீதம், 1,000 மணி நேரத்துக்கு 0.01 சதவீதம் மட்டும் நீளவைக்கும் அழுத்தம் ஆகிய மூன்றில் எது குறைவோ, அதற்கு மேல் அனுமதி இல்லை. அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே க்ரீப் ஆயுள் பல மடங்கு நீளும். எனவே சொன்ன வெப்பத்தில், சொன்ன அழுத்தத்தில் ஒழுங்காக ஓடிய பைப், லட்சத்தைத் தாண்டி நெடுங்காலம் ஓடக்கூடியதுதான். ஆலோசகர் இந்த இடத்தில் அவசரப்பட்டுவிட்டார் என்பது என் கருத்து.

ஆனால் "சொன்ன வெப்பத்தில்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லார்சன், மில்லர் என்ற இருவர் 1952இல் கொடுத்த கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கெல்வினில் வெப்பத்தை எடுத்து, அதை 20 கூட்டல் ஆயுள் மணிநேரத்தின் மடக்கையால் பெருக்க வேண்டும். ஒரே எஃகு, ஒரே அழுத்தம் என்றால் விடை மாறாது. 540 டிகிரியில் 1 லட்சம் மணி நேரம் தாங்கும் அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். லட்சத்தின் மடக்கை 5, அதோடு 20 சேர்த்தால் 25. 813ஐ 25ஆல் பெருக்கினால் 20,325. அதே பைப்பை 550இல் ஓட்டினால் ஆயுள் சுமார் 50,000 மணி நேரமாகிவிடும். வெறும் 10 டிகிரிக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. 560இல் ஓட்டினால் கால்வாசிதான், 25,000. மறுபக்கம், 530இல் ஓட்டியிருந்தால் 2 லட்சத்தைத் தாண்டும். கன்ட்ரோல் ரூம் திரையில் 540க்கும் 550க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பைப்புக்கு அது பாதி வாழ்க்கை.

உங்கள் 1,38,000 மணி நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 20,000 மணி நேரம் மட்டும், தண்ணீர் தெளித்து நீராவியின் சூட்டைக் குறைக்கும் அட்டெம்பரேட்டர் ஸ்ப்ரே சரியாக வேலை செய்யாததால் 555இல் ஓடியது என்று வையுங்கள். மேலே சொன்ன கணக்கில் 555இல் ஓடும் ஒரு மணி நேரம், 540இல் ஓடும் ஏறக்குறைய 2.8 மணி நேரத்துக்குச் சமம். அந்த 20,000 கிட்டத்தட்ட 57,000 ஆகிறது. மொத்தம் 1,75,000. மீட்டர் காட்டும் வயதும் எஃகின் வயதும் இப்படித்தான் பிரிந்துபோகின்றன. இந்த எண்கள் ஒரு மாதிரிக்குத்தான். உங்கள் எஃகுக்குரிய தரவுப் பட்டியலை வைத்து நிஜக் கணக்குப் போட வேண்டும். அதற்கு முதலில் வேண்டியது தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியின் பதிவு. சராசரி வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்திப்படாதீர்கள். எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் என்று பிரித்துக் கேளுங்கள். சராசரி 538 என்று இருக்கும் ஒரு லைனில், உச்சத்தில் கழித்த சில ஆயிரம் மணி நேரம்தான் பெரும்பாதிச் சேதத்தைச் செய்திருக்கக்கூடும்.

அடுத்து, எங்கே பார்ப்பது. நேரான பைப்பின் நடுவில் எனக்குப் பெரிய கவலை இல்லை. வெல்டுகள், பெண்டுகள், கிளை பிரியும் இடங்கள், வால்வை ஒட்டித் தடிமன் சட்டென்று மாறும் இடங்கள், லைன் போய் முடியும் இரண்டு முனைகள், இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாய்லரில் மறுபடி சூடேற்றிய நீராவியை டர்பைனுக்குக் கொண்டுபோகும் உங்கள் ஹாட் ரீஹீட் லைனில் நீளவாக்கில் தையல் வெல்டு இருக்கிறதா என்று இன்றைக்கே வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உள்ளழுத்தத்தின் முழு இழுப்பும் அந்தத் தையலுக்குக் குறுக்காகத்தான் விழும். 1985 ஜூனில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மொஹாவி மின் நிலையத்தில் அப்படிப்பட்ட ஒரு ரீஹீட் லைன் தையலோடு பிளந்து ஆறு பேர் இறந்தார்கள். சுற்றுவாக்கு வெல்டு பெரும்பாலும் முதலில் கசிந்து எச்சரிக்கும். நீளவாக்கு வெல்டு அந்தக் கருணையைக் காட்டும் என்று நம்ப முடியாது.

இந்த இடங்களைப் பரிசோதிக்க ரெப்ளிகா, அதாவது உலோக மேற்பரப்பின் அச்சுப்படி, எடுக்கச் சொல்லுங்கள். செய்பவர் அவசரப்பட்டால் அது வீண் என்பதால், எப்படி எடுப்பது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்சுலேஷனைப் பிரித்து, ஆக்சைடையும் அதன் கீழே கார்பன் இழந்த மெல்லிய அடுக்கையும் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு படிப்படியாக நைசான தாள்களில் தேய்த்து, கடைசியில் ஒரு மைக்ரான் வைரப் பசையில் முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்ற வேண்டும். நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலால் அரித்தால் படிக எல்லைகள் தெரியவரும். இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். மெருகேற்றும்போது உலோகம் இழுபட்டு வெற்றிடங்களின் வாயை மூடிவிடும். ஒரே தடவை மெருகேற்றி அரித்துவிட்டு, "வெற்றிடம் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். மெருகு, அரிப்பு, மறுபடி மெருகு, மறுபடி அரிப்பு என்று இரண்டு மூன்று சுற்றாவது போக வேண்டும். அப்புறம் அசிட்டேட் ஃபிலிமை அசிட்டோனில் நனைத்து ஒட்டி, காய்ந்ததும் உரித்து, கண்ணாடியில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்க்கலாம். பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு இடத்துக்குப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கிளம்பும் ஆளின் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

தனித்தனியாகச் சில வெற்றிடங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. இடத்தைக் குறித்துவைத்து அடுத்த பெரிய ஷட்டவுனில் அதே இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே திசையில் வரிசைகட்டி நின்றால் மாற்றுவதற்குத் திட்டம் போடத் தொடங்கிவிடுங்கள், இடைவெளியைக் குறைத்துச் சோதியுங்கள். நுண்விரிசல் தெரிந்தால் அந்த இடத்தைச் சரிசெய்யாமல் நீண்ட ஓட்டத்துக்கு விடக்கூடாது. கண்ணுக்குத் தெரியும் விரிசல் என்றால் லைனை ஓட்டத்துக்கு எடுக்கவே கூடாது. இதில் பேரம் கிடையாது.

பாய்லருக்குள் நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் டியூப் விஷயம் சற்று வேறு. உள்பக்கத்தில் படியும் ஆக்சைடு வெப்பத்தைக் கடத்தாமல் தடுப்பதால் டியூபின் உலோக வெப்பம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும். அந்தப் படிவின் தடிமனை அல்ட்ராசானிக்கில் அளந்தால் டியூப் எந்த வெப்பத்தில் வாழ்ந்தது என்று ஓரளவு பின்னோக்கிக் கணக்கிடலாம். டியூப் வெடித்தால் உடைந்த உதட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கத்தி முனைபோல மெலிந்து, வாய் விரியப் பிளந்திருந்தால் குறுகிய நேரத்தில் கடும் சூடு; அடைப்போ ஓட்டக் குறைவோ காரணம். உதடு தடித்து, அதிகம் உப்பாமல், சுற்றிலும் ஆக்சைடில் நீளவாக்கில் கீறல் கீறலாக இருந்தால் நெடுநாள் க்ரீப். இரண்டாவது வகை என்றால் அந்த ஒரு டியூபை மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, அதன் வரிசையில் உள்ள மற்றவையும் அதே வயதில்தான் இருக்கும்.

இனி பி-91. உங்கள் சோதனைப் பட்டியல் அதற்குப் போதாது. 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம், சிறிதளவு வனேடியம், நியோபியம், நைட்ரஜன் என்று 1970களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் உருவான எஃகு இது. அதன் பலம் வேதியியலைவிட வெப்பச் சிகிச்சையில்தான் இருக்கிறது. சுமார் 1,050 டிகிரியில் சூடேற்றிக் குளிரவைத்து, பிறகு 730 முதல் 800 வரையில் மறுபடி சூடேற்றி டெம்பர் செய்தால், இலை இலையாக அடுக்கிய மார்ட்டென்சைட் என்ற படிக அமைப்பும், அவற்றின் எல்லையில் குரோமியம் கார்பைடும், உள்ளே மிக நுண்ணிய வனேடியம், நியோபியம் நைட்ரைடுகளும் அமையும். தளத்தில் வெல்டு போட்டபின் செய்யும் சூடேற்றத்தில் வெப்பம் எல்லை மீறிவிட்டால் இந்த அமைப்பே குலைந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆயுள் முதல் நாளிலேயே போயிருக்கும்.

அதனால் பி-91க்கு நான் முதலில் கேட்பது கடினத்தன்மை அளவு. பிரினெல் அளவில் 190 முதல் 250 வரை இருக்க வேண்டும். 190க்குக் கீழே ஒரு இடம் கிடைத்தால் அந்த இடத்தின் வெப்பச் சிகிச்சைப் பதிவைத் தேடி எடுங்கள். பி-22இல் நம்பும் மேற்பரப்பு ரெப்ளிகா இங்கே ஏமாற்றிவிடும். 9 குரோமியம் எஃகின் வெல்டில், வெப்பம் பாதித்த பகுதியின் வெளிவிளிம்பில், நுண்படிகமாகிப்போன ஒரு மெல்லிய பட்டை இருக்கும். விரிசல் அங்கேதான் வரும். டைப் ஃபோர் விரிசல் என்பார்கள். வெற்றிடங்கள் மேற்பரப்புக்குக் கீழே, சுவரின் உள்பகுதியில் முதலில் முளைக்கும். மேலே ரெப்ளிகா சுத்தமாக இருக்கும்போதே உள்ளே விரிசல் ஓடிக்கொண்டிருக்கலாம். சுவரின் உள்பகுதியைப் பல கோணங்களில் ஒலியலையால் துழாவும் ஃபேஸ்டு அர்ரே அல்ட்ராசானிக் இல்லாமல் அந்த வெல்டுகளுக்குச் சான்று தராதீர்கள்.

இந்த வகை எஃகுகளில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சோதனைச்சாலையில் 10,000 மணி நேரம் வரை அருமையாகத் தாங்கிய சில 12 சதவீதக் குரோமியம் எஃகுகள், அதற்குமேல் போனதும் 9 சதவீத எஃகைவிடக் கீழே விழுந்தன. ஆதாரமாக இருந்த நுண்ணிய நைட்ரைடுகளை, மெதுவாக வளரும் இஸட் ஃபேஸ் என்ற கரடுமுரடான நைட்ரைடு தின்றுவிட்டதுதான் காரணம். குறுகிய காலச் சோதனையை நீட்டிக் கணக்குப் போட்டு நம்பியதன் விளைவு இது. ஜப்பானில் ஒரு சாதாரணக் கார்பன் எஃகுத் துண்டை 400 டிகிரியில் எடை மாட்டி, 1969 முதல் 2011 வரை விடாமல் சோதித்தார்கள். ஓடிய நேரம் மூன்றரை லட்சம் மணி நேரத்துக்கு மேல். ஒருவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் தொடங்கிய சோதனை அவர் ஓய்வுபெற்ற பிறகும் ஓடியிருக்கும். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். நம் கையில் உள்ள தரவுப் பட்டியல்களில் நம்பத்தக்கவை இப்படிப்பட்ட உழைப்பிலிருந்துதான் வந்தன.

ஆக, உங்கள் பி-22 லைனை இப்போதே கழற்றச் சொல்லமாட்டேன். தடிமனை மட்டும் காட்டி அடுத்த பத்து வருடத்துக்கு ஓட்டவும் சம்மதிக்கமாட்டேன். வெப்பப் பதிவைப் பிரித்து எடுங்கள், வெல்டுகளையும் பெண்டுகளையும் ரெப்ளிகாவும் அல்ட்ராசானிக்கும் வைத்துப் பாருங்கள், பெண்டுகளின் சுற்றளவை அளந்து கமிஷனிங் காலத்துப் பதிவு இருந்தால் ஒப்பிடுங்கள். சுற்றளவு கூடியிருந்தால் பைப் உண்மையாகவே உப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முடிவு மோசமாக வந்தால், ஒரு துண்டை வெட்டிக் க்ரீப் சோதனைக்கு அனுப்பக் கேளுங்கள். உற்பத்தி நின்றுபோகும் என்று தயங்குவார்கள், விடாதீர்கள்.

கடைசியாக, பைப்பைத் தாங்கித் தொங்கவிடும் ஹேங்கர்கள். ஸ்ப்ரிங் இறுகிப்போன ஒரு ஹேங்கர், லைன் சூடேறி நீளும்போது பைப்பின் எடையைப் பக்கத்து வெல்டின் மேல் தள்ளிவிடும். டிசைனர் கணக்கில் வராத அந்த வளைவு அழுத்தத்தால் பாழான வெல்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஷட்டவுனுக்கு யூனிட்டை இறக்குவதற்கு முந்தின நாளே, லைன் முழுச் சூட்டில் இருக்கும்போது, ஒவ்வொரு ஹேங்கரின் முள் எங்கே நிற்கிறது என்று நடந்துபோய்ப் படம் எடுத்து வையுங்கள். ஆறிய பிறகு மறுபடி ஒரு படம். இரண்டிலும் முள் ஒரே இடத்தில் நிற்கும் ஹேங்கரை ஒட்டிய வெல்டில் இன்சுலேஷனை முதலில் பிரியுங்கள். பைப் ஆறிவிட்டால் சூட்டு அளவு திரும்பக் கிடைக்காது.